சரி என்று அமுக்குமுன் எண்ணைப் பாருங்கள்

(பூண்டுலோயாப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்கும் பயன்படும் என்பதால், பேசியபடியே, சற்றுச் சுருக்கித் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு ஓய்வு நாள் என்று பெயர்தான். விறகு எடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அத்தனை வேலையையும் ஒதுக்கிவிட்டு சீன், டன்சினன், ஹெரோ, ஏட்டன் என்று பல தோட்டங்களிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்றைக்கு நான் பேசப் போவது கையடக்கத் தொலைபேசியில் இருக்கும் புளூடூத் பற்றி. "அது நம்ம பையன்க பாட்டுக் கேக்குற சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் இரண்டு அம்மாமார் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. பாட்டுக் கேட்பதற்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே போனில்தான் வெளிநாட்டில் இருக்கும் மகள் பேசுகிறாள். அவள் காசு போட்டால் பேங்கிலிருந்து செய்தி வருவதும் அதே போனுக்குத்தான். பிள்ளையின் பாடசாலைக் குறூப், கிளினிக் திகதி, சொந்தக்காரர் நம்பர், கல்யாண வீட்டுப் படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு ஒரு பக்கக் கதவு இருக்கிறது. அதன் பெயர்தான் புளூடூத். முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பக்கக் கதவைத் திறந்து போட்டபடி நாம் மலைக்குப் போவதில்லையே!

பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. புளூடூத் நல்ல சாமான். அதைப் பாவிக்கும் முறை தெரிந்தால் போதும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

புளூடூத் என்றால் தமிழில் நீலப்பல். ஏறக்குறைய 1,000 வருசத்துக்கு முன்னால், பத்தாம் நூற்றாண்டில், டென்மார்க் நாட்டில் ஹரால்ட் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒரே ஆட்சிக்குக் கீழே சேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள்.

1994ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனி, வயர் இல்லாமல் பக்கத்துப் பக்கத்துக் கருவிகளைப் பேச வைக்கும் வேலையைத் தொடங்கியது. யாப் ஹார்ட்சன் என்ற நெதர்லாந்துப் பொறியியலாளர் அதில் முக்கியமானவர். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து, எல்லாருடைய கருவிக்கும் ஒரே முறை என்று ஏற்பாடு செய்தன. தனித்தனியாக நின்றவர்களைச் சேர்த்துவைத்த ராஜாவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். போனில் நீங்கள் பார்க்கும் அந்தக் கோணல் அடையாளம், அந்த நாட்டுப் பழைய எழுத்தில் அவருடைய பெயரின் இரண்டு முதல் எழுத்துகளையும் சேர்த்து எழுதியதுதான்.

ஆக, அதன் வேலையே சேர்த்து வைப்பது. யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிற வேலை நம்முடையது.

மூன்று காம்பரா தூரம்

புளூடூத் என்பது சின்ன ரேடியோ. சாதாரணப் போனிலும் ஹெட்செட்டிலும் இருப்பது சுமார் 10 மீற்றர் வரை நன்றாக எட்டும். 10 மீற்றர் என்றால் ஏறக்குறைய 33 அடி. சுவர் குறுக்கே வந்தால் குறையும், வெட்டவெளியில் இன்னும் கொஞ்சம் கூடும். "பத்து மீற்றர்தானே, அதில என்ன?" என்று கொழும்பில் தனிவீட்டில் இருக்கிறவர் கேட்கலாம். நாம் கேட்க முடியாது. நம் பழைய லயக் காம்பரா பொதுவாகப் 10 அடிக்கு 12 அடி. அப்படியானால் 33 அடிக்குள் எத்தனை காம்பரா வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. முதுகுக்கு முதுகு கட்டிய லயமாக இருந்தால் பின்னால் இருப்பவர்களும் சேர்த்தி.

ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. அதனால்தான் சில சங்கதிகளை மெதுவாகப் பேசுகிறோம். புளூடூத்தையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். நம் காம்பராவில் ஒரு ஸ்பீக்கரைத் திறந்து வைத்தால் அதன் பெயர் மூன்று வீடு தள்ளி இருக்கும் போனிலும் தெரியும். தலவாக்கலை பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தால் பஸ் முழுக்கத் தெரியும்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, புதிய கருவியைச் சேர்க்கும் வேலையை வீட்டில் வைத்துச் செய்யுங்கள். பஸ்ஸிலும், திருவிழாக் கூட்டத்திலும், ஆஸ்பத்திரி வரிசையிலும் வேண்டாம். இரண்டு, உங்கள் போனுக்கு புளூடூத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சிலருடைய போனில் அவர்கள் முழுப்பெயர் அப்படியே இருக்கும். வயதுப் பிள்ளைகள் வைத்திருக்கும் போன் ஊருக்கெல்லாம் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்களுக்கு மட்டும் விளங்கக்கூடிய ஏதாவது ஒரு பெயரை மாற்றி வையுங்கள்.

ஜோடி சேர்ப்பது எப்படி நடக்கிறது?

இரண்டு கருவிகளை முதல்முறை சேர்த்து வைப்பதைப் 'பெயார்' பண்ணுவது என்கிறார்கள். நாம் ஜோடி சேர்ப்பது என்று சொல்வோம்.

ஸ்பீக்கரின் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் லைட் மினுங்கும். 'நான் ஜோடி சேரத் தயார்' என்று அது கூவுகிறது என்று அர்த்தம். போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். பெயரைத் தொட்டதும் இரண்டும் காற்றிலேயே பேசி, தங்கள் இரண்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு இரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. அதன் பிறகு அவை பேசுவதை அந்தச் சாவியால் பூட்டித்தான் அனுப்புகின்றன.

இன்னொரு வேலையும் நடக்கிறது. மலையில் 79 நிரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள. இரண்டு பேர் எந்த நிரைக்குப் பிறகு எந்த நிரை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஒரு நிரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஓடுகிறார்கள். அந்த ஒழுங்கு தெரியாத மூன்றாம் ஆளுக்கு அவர்களைப் பின்தொடருவது சிரமம். பாட்டு ஸ்பீக்கரில் இருக்கிற வழக்கமான புளூடூத்தும் 79 அலைவரிசைகளில் விநாடிக்கு 1,600 தடவை இப்படித் தாவுகிறது. மற்ற ரேடியோக்களோடு மோதாமல் இருக்கத்தான் முக்கியமாக இந்த ஏற்பாடு. உண்மையான பூட்டு அந்த இரகசியச் சாவிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாவியை இரண்டு கருவியும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கின்றன. இன்றைக்கு ஜோடி சேர்த்தது நாளைக்கும் நாளன்றைக்கும், ஒரு வருசம் போனாலும், பக்கத்தில் வந்தால் கேட்காமலேயே சேர்ந்துகொள்ளும். நாம் ஒரு தடவைதான் 'சரி' என்று அமுக்குகிறோம். அது அழிக்கும் வரைக்கும் செல்லும்.

ஆறு இலக்க எண்

ஜோடி சேர்க்கும்போது சில கருவிகளில் ஒரு ஆறு இலக்க எண் வரும். உங்கள் போனிலும் தெரியும், மற்றக் கருவியின் திரையிலும் தெரியும். "இந்த எண்கள் ஒன்றா?" என்று கேட்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை. 'சரி' என்று அமுக்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்த எண் எதற்கு? நடுவில் வேறொரு கருவி புகுந்து, உங்கள் போனிடம் "நான்தான் அந்த வேன் செட்" என்றும், வேன் செட்டிடம் "நான்தான் அந்தப் போன்" என்றும் சொல்லி ஏமாற்றினால், இரண்டு திரையிலும் வரும் எண் வேறு வேறாக இருக்கும். தற்செயலாக இரண்டும் ஒத்துப்போக 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். 2007இல் வந்த புளூடூத் முறையோடு இந்த ஏற்பாடு வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து அறிவாளிகள் செய்து வைத்த காவல் அது. நாம் கண்ணால் பார்க்காவிட்டால் அந்தக் காவலுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. கொழுந்து மடுவத்தில் நாம் தினமும் செய்வது இதுதான். தராசில் என்ன காட்டுகிறது, புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றா என்று எட்டிப் பார்க்காமல் நம்ம அக்காமார் யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர மாட்டார்கள். "ஐயா, பதினாலு காட்டிச்சு, பன்னண்டுன்னு போட்டிருக்கீங்க" என்று கேட்கத் தெரிந்த நமக்கு, போனில் வரும் இரண்டு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதா?

திரை இல்லாத ஹெட்செட்டிலும் சின்ன ஸ்பீக்கரிலும் எண் வராது. அவற்றில் இந்தக் காவல் கிடையாது. சில பழைய சாமான்களில் எல்லாவற்றுக்கும் 0000 அல்லது 1234 என்று ஒரே இரகசிய எண். அது ஊருக்கே தெரிந்த இரகசியம். அதனால்தான் இவற்றை வீட்டில் வைத்து, பெயரைச் சரியாகப் பார்த்து, ஒரே தடவையில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டு எண்களைக் குழப்பாதீர்கள்

பேங்கிலிருந்தும் ஆறு இலக்க எண் வருகிறது. வாட்ஸ்அப்பை வேறு போனில் திறந்தாலும் ஆறு இலக்க எண் வருகிறது. புளூடூத்திலும் ஆறு இலக்க எண். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வேலை வேறு.

புளூடூத் எண் நீங்களாகவே ஜோடி சேர்க்கும்போது, உங்கள் கண்முன்னால் இருக்கும் இரண்டு கருவிகளில் தெரியும். பார்த்து ஒப்பிடத்தான் அது. பேங்க் எண்ணும் வாட்ஸ்அப் எண்ணும் குறுஞ்செய்தியாக வரும். அதை யாருக்கும் சொல்லக் கூடாது. பேங்க் மெனேஜர் என்று சொன்னாலும் சொல்லக் கூடாது, பரிசு விழுந்திருக்கிறது என்று சொன்னாலும் சொல்லக் கூடாது.

யாராவது கோல் எடுத்து, "அம்மா, உங்க போன்ல புளூடூத் கோட் ஒண்ணு வந்திருக்கும், அதை வாசிச்சுச் சொல்லுங்க" என்றால், அது களவு வேலை. புளூடூத் எண்ணைத் தூரத்தில் இருக்கிறவருக்கு வாசித்துக் காட்ட வேண்டிய தேவையே கிடையாது. அவர் கேட்பது வேறு எண்ணாகத்தான் இருக்கும். பேசாமல் கட் பண்ணிவிடுங்கள்.

எதற்கெல்லாம் அனுமதி கொடுக்கிறோம்?

ஸ்பீக்கர் என்றால் பாட்டு மட்டும் போகும். வேன் செட்டும் கைக்கடிகாரமும் அப்படியல்ல. அவை வேறு சிலவற்றையும் கேட்கும். "உங்கள் நம்பர்களையும் கோல் விபரங்களையும் பார்க்க விடலாமா?" என்று ஒரு சின்னப் பெட்டி வரும். சிலதில் "செய்திகளைப் பார்க்க விடலாமா?" என்றும் வரும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளை தீபாவளிக்கு வாடகை வேனில் ஊருக்கு வருகிறது. வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரலாம் என்று போனை வேன் செட்டோடு சேர்க்கிறது. கேட்டதற்கெல்லாம் 'சரி'. செட் அந்தப் பிள்ளையின் போனில் இருந்த நம்பரெல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது. பூண்டுலோயாவில் இறங்கி வீட்டுக்குப் போயாயிற்று. நம்பர்கள் வேனில் தங்கிவிடலாம். அடுத்த நாள் அந்த வேனில் ஏறுகிற யாரோ ஒருவர் திரையைத் தட்டினால், அக்கா, தங்கச்சி, கூட வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் நம்பரும் வரிசையாகத் தெரியும். பிறகு ராத்திரியில் தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தால், "இவனுக்கு என் நம்பர் எப்படிக் கிடைச்சது?" என்று அந்தப் பிள்ளைதான் வீட்டில் விசாரணைக்கு நிற்க வேண்டும்.

செய்திகளைப் பார்க்க விட்டால் இன்னும் மோசம். பேங்க் எண் வருவதும் செய்தியாகத்தானே? அது உங்கள் போனில் வந்த அதே நேரம், ஜோடி சேர்ந்த கடிகாரத்திலோ வேன் திரையிலோ தெரியக்கூடும். அந்தக் கடிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே பாட்டுக்காகச் சேர்த்தால் பாட்டுக்கு மட்டும் விடுங்கள். நம்பர், செய்தி என்று கேட்டால் 'வேண்டாம்' என்று அமுக்குங்கள். பாட்டு நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில போன்களில் 'நம்பிக்கையான கருவி பக்கத்தில் இருந்தால் போனைப் பூட்டாதே' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வசதியாகத் தோன்றும். ஆனால் உங்கள் ஹெட்செட்டும் போனும் ஒரே பையில் களவு போனால், போன் திறந்தபடியே களவாளியின் கைக்குப் போகலாம். அதைப் போடாமல் இருப்பது நல்லது.

'சரி' கேட்டு நச்சரித்த புழு

2004ஆம் ஆண்டு கபிர் என்று ஒரு புரோகிராம் வந்தது. புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் தொற்றிய முதல் 'புழு' அதுதான். அப்போது நோக்கியா கம்பெனியின் பெரிய போன்கள் சிலவற்றைத் தாக்கியது. அது பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டது. 'வேண்டாம்' என்றால் திரும்பவும் கேட்டது. பக்கத்தை விட்டு நகரும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. தொல்லை தாங்காமல் 'சரி' என்று அமுக்கினவர்களுடைய போனுக்குள் புகுந்தது. புகுந்ததும் அந்தப் போனிலிருந்து அடுத்த போனைத் தேடிக் கிளம்பியது. அதிலேயே பெட்டரியும் தீர்ந்து போனது. 2005 ஓகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தபோது, விளையாட்டரங்கில் கூடியிருந்த சனத்தின் போன்களுக்கு இடையிலும் இது பரவியது. கூட்டம் நெருக்கமாக இருந்தது அதற்கு வசதியாகப் போயிற்று.

இன்றைய போன்களுக்கு கபிர் ஒன்றும் செய்யாது. அது கற்றுக்கொடுத்த பாடம் மட்டும் இன்றைக்கும் உண்டு. தெரியாத பெயரிலிருந்து ஒரு படம், ஒரு பாட்டு, ஒரு அப் வந்து 'வாங்கிக்கொள்கிறாயா?' என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் புளூடூத்தையே நிறுத்திவிட்டு இடம் மாறுங்கள்.

கதவைத் தட்டாமல் வந்த கதையும் உண்டு. 2017இல் புளூபோர்ன் என்ற பெயரில் சில ஓட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். புளூடூத் ஆனில் இருந்தாலே, ஜோடி சேர்க்காமலே, சில போன்களுக்குள் நுழைய அவற்றால் முடிந்தது. 2019இல் சிங்கப்பூர் முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். 16 பைட் நீளமாக இருக்க வேண்டிய இரகசியச் சாவியை 1 பைட்டாகக் குறுக்க வைத்து, சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். இரண்டுக்கும் கம்பெனிகள் திருத்தம் அனுப்பின. அந்தத் திருத்தம்தான் உங்கள் போனில் 'அப்டேட்' என்று வருவது. "டேட்டா போகுது" என்று அதைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். கூரைத் தகரத்தில் ஓட்டை என்றால் மழைக்கு முன்னால் அடைக்க வேண்டாமா? அப்டேட் வருவது நின்றுபோன பழைய போன் என்றால், தேவையான நேரம் மட்டும் புளூடூத்தை ஆன் பண்ணி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பழைய ஜோடியைப் பிரித்து விடுங்கள்

போனின் புளூடூத் பக்கத்தில், இதுவரை ஜோடி சேர்த்த கருவிகளின் பட்டியல் இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதைத் திறந்து பாருங்கள். போன வருசம் ஏறிய வேன், உடைந்துபோன ஸ்பீக்கர், விட்டுப்போன கூட்டாளியின் ஹெட்செட், முன்னால் வேலை செய்த வீட்டு டீவி எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்றைக்குத் தேவையில்லாத ஒவ்வொன்றையும் தொட்டு, 'ஃபோகெட்' அல்லது 'அன்பெயார்' என்று இருப்பதை அமுக்குங்கள். வாடகை வண்டியில் சேர்த்திருந்தால், இறங்குமுன் வண்டியின் செட்டிலும் உங்கள் போனின் பெயரை அழித்துவிடச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போனை விற்கும்போதும், தம்பிக்குக் கொடுக்கும்போதும், கடையில் மாற்றும்போதும் உள்ளே இருப்பது முழுவதையும் அழித்து, புதுப்போன் போல ஆக்கிவிட்டுக் கொடுங்கள். அதை 'ஃபெக்டரி ரிசெட்' என்பார்கள். அழிக்கும் முன் தேவையான படங்களையும் நம்பர்களையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள்: வேலை செய்யும் வீட்டு டீவியோடும் காரோடும் சொந்தப் போனைச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் அந்த வீட்டை விட்டு வரும்போது பிரித்துவிட வேண்டும்.

மடுவத்துத் தராசு

சில கம்பெனித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. எங்கெல்லாம் தராசும் கையில் பிடிக்கும் கருவியும் புளூடூத்தால் பேசுகின்றனவோ, அங்கெல்லாம் நிறை நேரே கருவிக்குப் போகும். இதில் நன்மை உண்டு. கையால் எழுதும்போது வருகிற பிழை குறையும். ஆனால் கருவி என்பது சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்யும். ஒரே மடுவத்தில் பக்கம் பக்கமாக இரண்டு தராசு இருந்தால், எந்தக் கருவி எந்தத் தராசோடு ஜோடி சேர்ந்திருக்கிறது என்று நிறுவை எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டும். நாம் பார்க்க வேண்டியதும் பழையதுதான். தராசில் தெரியும் எண்ணும், கருவியில் என் பெயருக்கு நேரே விழும் எண்ணும் ஒன்றா? துண்டு கொடுத்தால் வாங்கி வையுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு சின்னக் கொப்பியில் திகதி போட்டு நீங்களே எழுதி வையுங்கள். வயர் இல்லாமல் போய்ச் சேரும் கணக்கென்றால் இன்னும் கவனமாகவே பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஓர் அக்கா கேட்டார்: "எங்க ஸ்பீக்கர்ல திடீர்னு பக்கத்து வீட்டுப் பாட்டு வருது. யாராவது களவா புகுந்துட்டாங்களா?"

பதில்: களவு என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். திரையில்லாத ஸ்பீக்கர் திறந்திருந்தால் முதலில் தொட்ட போனோடு சேர்ந்துவிடும். முன்பு ஒருநாள் அந்த வீட்டுத் தம்பி உங்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தால் அவருடைய போன் தானாகவே சேர்ந்துகொள்ளும். "தம்பி, எங்க ஸ்பீக்கர உன் போன்ல இருந்து எடுத்துவிடப்பா" என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரின் பழைய ஞாபகத்தை அழிக்கும் முறை அதோடு வரும் தாளில் இருக்கும். பாவிக்காத நேரம் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள்.

ஒரு பெரியவர் கேட்டார்: "புளூடூத்தால பேங்க் காச எடுத்துற முடியுமா?"

பதில்: புளூடூத் நேரே பேங்குக்குள் கை விடாது. ஆனால் உங்கள் செய்தியை வேறொருவர் பார்க்கவும், பூட்டாத போன் கைமாறவும், தெரியாத அப் உள்ளே வரவும் அது வழியாகலாம். அந்த வழியை அடைத்து வைப்பதுதான் நாம் பேசியது. காசு போனதாகத் தெரிந்தால் முதல் வேலை பேங்குக்கு அறிவிப்பது.

ஒரு தங்கச்சி கேட்டாள்: "என் பைக்குள்ள யாராவது சின்னக் கருவி போட்டு நான் போற இடத்தைக் கண்டுபிடிக்கலாமா?"

பதில்: நல்ல கேள்வி. சாவிக்கொத்தைத் தேடுவதற்கென்று புளூடூத் வில்லைகள் விற்கிறார்கள். அவற்றைத் தப்பாகவும் பாவிக்கிறார்கள். உங்களுடையது அல்லாத வில்லை உங்களோடு நகர்ந்து வந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் 2024இல் சேர்ந்து கொண்டுவந்தன. அப்படி எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாமல் பையைக் கொட்டிப் பாருங்கள். கிடைத்ததை எறியாமல் வீட்டாரோடு பொலிசுக்குக் கொண்டு போங்கள். அதுதான் சாட்சி.

முடிவாக

அனுமதியில்லாமல் இன்னொருவருடைய கருவிக்குள் நுழைவது நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பிரச்சினை வந்தால் சிறீலங்கா சேர்ட் என்ற அரச நிறுவனத்தின் 101ஆம் இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பெண்களுக்குத் தொல்லை என்றால் 1938 இருக்கிறது. அவசரம் என்றால் பொலிஸ் 119.

ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டவர்கள் உங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்காவது சொல்லுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு, வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒருமுறை சுத்தம் செய்து கொடுக்கட்டும். பிள்ளைகளே, நீங்கள் அவர்கள் போனில் எதைச் சேர்த்தாலும், என்ன சேர்த்தீர்கள் என்று வாயால் சொல்லிவிட்டுச் சேருங்கள். பெரியவர்களே, போன் ஏதாவது கேட்டால் "என்ன கேக்குது, வாசிச்சுச் சொல்லு" என்று கேட்டுவிட்டே விரலை வையுங்கள். எண் வந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள், வேலை முடிந்தால் பிரித்துவிடுங்கள். இந்த இரண்டையும் பழக்கிக்கொண்டால் போதும்.